ஏட்டில் ஏறாத பூசணிக்காய்கள்

கொல்லிமலைக்கு என்னைப் போட்டிருப்பதாக ஜில்லா போர்டிலிருந்து காகிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணி மூக்கைச் சிந்தினாள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மலைக்கு மாற்றல் என்றால் ஆண்பிள்ளை உத்தியோகஸ்தர்களே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மேலே மலைக்காய்ச்சல், வழியெல்லாம் அட்டை, ரோடு கிடையாது, கரடி மட்டும் உண்டு. அந்த மலை ஆஸ்பத்திரி மருத்துவச்சி வேலைக்கு வேறு யாருமே மனுப் போடவில்லை. அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணமான இரண்டாம் வருஷமே அவர் காலராவில் போய்விட்டார். பேளுக்குறிச்சிக்குப் பக்கத்தில் அண்ணனுக்குக் கிணற்றுப் பாசனத்தோடு நல்ல பூமி. அந்த வீட்டில் எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அடுப்பங்கரைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு மூலை, அதில் ஒரு பாய், விசேஷ நாளில் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அண்ணி தன் தங்கையின் வளைகாப்புக்குக் கிளம்பும்போது தெரியாமல் எதிரே வந்துவிட்டேன். அவள் திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்பினாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அன்றைக்கே மருத்துவச்சிப் படிப்புக்குச் சேலத்துக்கு அனுப்பச் சொல்லி அண்ணனிடம் சண்டை போட்டேன். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அண்ணன் இளகின மனசுக்காரர், நான்காம் நாள் காலையில் வண்டி கட்டினார்.

ஆகவே மலை எனக்குத் தண்டனை இல்லை. அங்கே ஒரு கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும், அதை நான் போட்டுக்கொள்ளலாம் என்கிற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினவர் திருப்புலி நாட்டுக்காரர். கொல்லிமலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள். பாதி வழியில் பெட்டியை இறக்கிவிட்டுக் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, உள்ள கல்லா வெச்சிருக்கறீங்க?"

"புஸ்தகமுங்க. பிரசவம் பாக்கற புஸ்தகம்."

"ஓஹோ. அதைப் படிச்சாத்தான் கீழ்நாட்டுல புள்ள பொறக்குமுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர்தான் அந்த ஊர்க்கவுண்டர், ஊருக்கே தலைவர். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, வருகிறவள் பெண்பிள்ளை, பெட்டியை யார் தூக்குவது என்று அவரே இறங்கி வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி என்று பெயர். போர்டு கொடுத்தது ஒரு கதவு, இரண்டு ஜன்னல், வாசலில் மாட்ட ஒரு தகரப் பலகை. மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் செய்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து, மண் மிதித்துச் சுவர் வைத்து, மேலே புல் வேய்ந்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை கம்பவுண்டர் வருவார் என்று ஏற்பாடு. இரண்டு தடவை வந்தார், அப்புறம் காய்ச்சல் அவரைக் கீழேயே நிறுத்திவிட்டது. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையும் நானும்தான் ஆஸ்பத்திரி.

வந்த இரண்டாம் மாதமே, வைகாசியில், முதல் பிரசவம். மிளகுக்கொடி ஏறின பலாமரங்களுக்கு நடுவில் இருந்த வீடு அது. அந்தப் பெண்ணை நான் மனசுக்குள் மிளகுக்காட்டுக்காரி என்றுதான் சொல்லிக்கொள்வேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவளுக்குத் தலைச்சன். ஊருக்கு வெளியே பிரசவத்துக்கென்று கட்டிய சின்னக் குடிசையில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கஷ்டப்பட்டாள். கடைசியில் பிள்ளை நல்லபடியாக வந்து விழுந்து, கொல்லிமலையே கேட்கும்படி கத்தியது. படித்துவிட்டு வந்து தனியாகப் பார்த்த முதல் பிரசவம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடிவந்து, "ஆம்பளப் புள்ள! ஆம்பளப் புள்ள!" என்று கூவினேன்.

நின்றிருந்தவர்கள் முகம் ஒவ்வொன்றாகச் சுருங்கியது. அவளுடைய புருஷன் வாயைப் பொத்திக்கொண்டான். ஊர்க்கவுண்டர் மட்டும் மெதுவாக, யாருக்கோ சொல்வது போல வானத்தைப் பார்த்துச் சொன்னார். "பூசணிக்கா. நல்ல பூசணிக்கா ஒண்ணு காச்சிருக்குது."

இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். போர்டு கொடுத்த ரிஜிஸ்தரைத் திறந்து, தாய் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நேரம், ஆண் என்று முத்து முத்தாக எழுதினேன். மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தேன். போர்டு விதிப்படி ஏழு நாளைக்குள் எழுத வேண்டும், நான் ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன் என்று பெருமை வேறு.

ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை ஜன்னி கண்டு இறந்துபோனது. அதே வரியின் கடைசிக் கட்டத்தில் அதையும் எழுதினேன்.

அதற்கப்புறம் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஊரில் வயிறு தள்ளிய பெண்கள் என்னைக் கண்டால் பாதையை விட்டு இறங்கிச் சாமைக்காட்டுக்குள் நின்றார்கள். ஆண்கள் காய்ச்சலுக்குக் கொயினா வாங்க வந்து, கையை நீட்டி, வாங்கிக்கொண்டு, பேசாமல் போனார்கள். ஆடிக் காற்றில் கூரைப் புல் பறந்தது. மழை உள்ளே கொட்டியது. நான் கோபக்காரி என்று முன்னமே சொன்னேனா? இல்லையென்றால் இப்போது சொல்கிறேன். "போங்கடி! உங்களுக்கெல்லாம் படிச்ச கை ஆகாது" என்று தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் திட்டுவேன். திட்டி முடித்ததும் அழுகை வரும். ஐப்பசி வரைக்கும் இப்படியே போனது.

ஐப்பசியில் ஒருநாள் மிளகுக்காட்டுக்காரியே வந்தாள். அவள் மாமியாருக்குக் காய்ச்சல், மாத்திரை வேண்டும் என்றாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொடுக்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு ஒருத்தியாச்சும் சொல்லக் கூடாதா? ஏன் யாரும் வரமாட்டேங்கறீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் சொன்னாள். "நீங்க எளுதிப்புட்டீங்க அம்மிணி."

பிள்ளை பிறந்தால் அது பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. ஆணா பெண்ணா என்று கூவக் கூடாது. ஒரு வயசு நிறைந்த பிறகு வருகிற ஆடிப் பதினெட்டில் சாமி முன்னால் மொட்டை அடித்துப் பேர் சொல்கிற வரைக்கும் அது சாமியினுடையது. சாமியிடம் சொல்வதற்கு முன்னால் வேறு ஏட்டில் எழுதினால், எமன் அந்த ஏட்டைப் பார்த்துவிடுவான். அதனால் இடுப்பில் என்ன என்று யாராவது கேட்டால் பூசணிக்காய் என்றுதான் சொல்வார்கள். பூசணிக்காயை யாரும் தேடி வரமாட்டார்கள். இதையெல்லாம் அவள் சின்னக் குரலில், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

ஜன்னிக்கும் என் பேனாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதிரே நிற்கிறாள். அவளிடம் புஸ்தகத்தைப் பிரித்துக் காட்டவா?

"என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்லீங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல." அப்புறம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "இனிமே எளுதாம இருப்பீங்களா?"

நான் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சாமிக்குச் சொல்லாத பிள்ளையை எழுத மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன் என்று. போர்டு விதி எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. நினைவு இருந்தும்தான் செய்தேன்.

மறுவாரம் பத்து ஆண்கள் புல்லுக் கட்டோடு வந்து, கூரை ஏறி வேய்ந்துவிட்டுப் போனார்கள். மார்கழியில் முதல் அழைப்பு வந்தது. அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம். திருப்புலி நாட்டில் மட்டுமா, குண்டனி நாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து கூப்பிட்டார்கள். வெளியே வந்து, "பூசணிக்காய்ங்க. ரெண்டு வீசை எடை இருக்கும்" என்று நானே சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் பிரசவம் முடிந்ததும் தினைமாவில் தேன் ஊற்றி உருட்டி என் வாயில் ஊட்டிவிடுவார்கள், தட்டில் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். தொப்புள்கொடி அறுத்த கை அன்றைக்குச் சோற்றில் படக் கூடாதாம். தாலி அறுத்த பிறகு எனக்கு யாரும் ஊட்டிவிட்டதில்லை. அந்தத் தேனுக்காகவே நான் எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறியிருப்பேன்.

மறு ஆவணியில் மிளகுக்காட்டுக்காரிக்கு இரண்டாவது பிள்ளை. இந்தத் தடவை அவள் கத்தவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஒன்பதாம் நாள் நான் காலையிலிருந்து பொழுது சாயும் வரை அந்தக் குடிசை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் விடிந்த பிறகுதான் எனக்குப் பசித்தது.

இத்தனைக்கும் ரிஜிஸ்தரில் அந்த ஒரே ஒரு வரிதான். பிறப்பும் இறப்புமாக ஒரே வரி. மாதாமாதம் போர்டுக்கு அனுப்புகிற காகிதத்தில் பிரசவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி அனுப்பினேன். மலை வழக்கப்படி எழுத முடியவில்லை, ஆடிக்குப் பிறகு எல்லாம் சேர்த்து எழுதுகிறேன் என்று ஒரு கடிதமும் போட்டேன். பதிவாகாத பிரசவத்தை நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. சரியான பதில்தான். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மிளகு கொண்டுபோகிறவர்களோடு நானும் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவேன். உப்பு, மண்ணெண்ணெய், அண்ணன் முகம், மூன்றும் அங்கேதான் கிடைக்கும். சந்தை ஓரத்தில் ஒரு காபிக் கடை. போர்டில் என்ன நடந்தது, எந்த ஊருக்குக் கிணறு சாங்ஷன் ஆனது, எந்தப் பாலத்துக்குக் கல் இறங்கியது என்று பேப்பரைப் பார்த்து ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்பார்கள். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. நான் உப்புக் கடைப் பக்கமாக நின்று கேட்டுவிடுவேன். அந்த வருஷம் ஐப்பசியில் அப்படித்தான் கேட்டேன். மலை ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷத்தில் ஒரே பிரசவம் பதிவாகியிருப்பதால் மருத்துவச்சி உத்தியோகத்தை எடுத்துவிடலாமா என்று போர்டில் பேச்சு வந்ததாம். பிரசிடெண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

"ஒண்ணுதானா? அதுக்கு ஒரு சம்பளமா?" என்று உள்ளே யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. "போச்சாது விடு கண்ணு. ஊட்டுக்கு வந்துரு. உன்ற பாயி அப்படியேதான் இருக்குது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பாயும், மூலையும், அண்ணி குடித்த அந்த ஒரு வாய் தண்ணீரும் கண்ணுக்கு முன்னால் வந்தன. உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வாரேண்ணா என்றுகூடச் சொல்லாமல் மலை ஏறினேன்.

ஊரில் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எதையோ கேட்பது போல் ஆகிவிடும். சத்தியம் வாங்கினவர்களிடமே போய் அதை உடைக்கச் சொல்லலாமா? ரோஷமும் ஒரு பக்கம். ஆனால் சந்தையில் விழுந்த வார்த்தை மிளகு மூட்டையோடு சேர்ந்து மலை ஏறிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

பிரசிடெண்டு வந்த நாள் நல்ல சாரல். பாதி மலை டோலியில் வந்து, மீதியை நடந்து ஏறியிருந்தார். அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரில் நனைத்த மேஜோட்டை முழங்கால் வரை இழுத்துப் போட்டிருந்தார். அப்படியும் கணுக்காலில் இரண்டு அட்டைகள் ரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. உப்பு வைத்து எடுத்துவிட்டேன். பெரிய மனுஷர், களைத்துப்போயிருந்தார், ஆனால் மரியாதையாகப் பேசினார். கூட ஒரு குமாஸ்தா. ஊர்க்கவுண்டர் வாசலில் கைகட்டி நின்றார். வேறு யாரும் இல்லை. நான் காலையிலேயே டிரங்குப் பெட்டியைக் கட்டி மூலையில் வைத்திருந்தேன்.

பிரசிடெண்டு ரிஜிஸ்தரைப் புரட்டினார். முதல் பக்கம் ஒரு வரி. மற்றதெல்லாம் வெள்ளை.

"ஏம்மா, இதுக்கப்புறம் ஒரு பிரசவமும் பார்க்கலையா?"

"பாத்திருக்கறனுங்க."

"எத்தனை?"

"சொல்ல முடியாதுங்க."

"எந்தெந்த வீட்டுல?"

"அதுவும் சொல்ல முடியாதுங்க."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. இங்க ஏட்டுலகூடச் சுரைக்காயைக் காணோமுங்க" என்றார். எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் ஆயுசில் நான் விழுங்கின வார்த்தைகளில் அதுதான் பெரியது.

பிரசிடெண்டு பெருமூச்சு விட்டார். "நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. காகிதத்துல இல்லாததை நான் எப்படிப் போர்டுல பேசறது?" என்று எழுந்தார். அப்போதுதான் பலாமரங்களுக்கு அந்தப் பக்கம் சாரலில் ஏதோ அசைந்தது.

வரிசையாக வந்தார்கள். தலையில் கொங்காடை போட்ட மாதிரிக் கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒன்றைச் சேலைக்குள் மூடிக்கொண்டு. குண்டனி நாட்டிலிருந்து வந்தவர்கள் விடியும் முன்னே கிளம்பியிருக்க வேண்டும், முழங்கால் வரை சேறு. வந்து ஆஸ்பத்திரி முன்னால் நின்றார்கள். நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது. ஆனால் வாசல் நிறைந்துவிட்டது.

"யாரும்மா நீங்கள்லாம்? இடுப்புல என்ன?" என்று கேட்டார் பிரசிடெண்டு.

முதலில் நின்றவள் சொன்னாள். "பூசணிக்காய்ங்க சாமி."

அடுத்தவளைப் பார்த்தார். "பூசணிக்காய்ங்க."

மூன்றாமவள், "என்னுதும் பூசணிக்காய்தானுங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் சேலைக்குள் இருந்த பூசணிக்காய் தும்மியது.

குமாஸ்தா வெடித்துச் சிரித்தார். பிரசிடெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். பாவம், மலை ஏறி வந்த மனுஷர், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பழக்க தோஷத்தில் அந்தப் பெண்களுக்கு வேறு பதில் வாயில் வரவில்லை. எனக்காக வந்துவிட்டு, என்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ விளக்கிச் சொல்ல முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போதும்மா, நான் பாத்துட்டேன்" என்று அவர் படி இறங்கினார்.

மிளகுக்காட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள். சேலையை விலக்கினாள். மூன்று மாதப் பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இது பூசணிக்கா இல்லீங்க," என்றாள். "இது புள்ளைங்க. என்ற புள்ள. ஆம்பளப் புள்ள. எளுதிக்கோங்க."

ஊர்க்கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், முதல் பிள்ளை ஏட்டில் ஏறி, ஒன்பதே நாளில் அதைப் புதைத்தவள் அவள். பிரசிடெண்டுக்கு மட்டும் தெரியாது.

"வேண்டாம்" என்று கத்தினேன். "வேண்டாம்டி! சாமிகிட்டச் சொல்ற வரைக்கும் பொறு. நான் போனாப் போறேன், எனக்கு ஊடு இருக்குது. உள்ள மூடு புள்ளைய!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இருங்க அம்மிணி," என்றாள். அவ்வளவுதான். என்னை அப்படி ஒரு சொல்லில் அடக்கினவர்கள் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

குமாஸ்தா ரிஜிஸ்தரை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அவள் தலையை ஆட்டினாள். "அவிய கையில வேண்டாமுங்க. நீங்களே எளுதுங்க அம்மிணி. நீங்கதானே கொடி அறுத்தது."

பிரசிடெண்டு அதற்குள் ஊர்க்கவுண்டரை ஓரமாக அழைத்து என்ன விஷயம் என்று கேட்டிருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அவளிடம் கேட்டார். "ஏம்மா, உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தானுங்க இருக்குது."

"அப்புறம் எதுக்கு எழுதச் சொல்றே?"

"இந்தம்மா போயிட்டா அடுத்த புள்ளைக்கு யாருங்க சாமி வருவாங்க?"

நான் எழுதினேன். தாய் பெயர், தகப்பன் பெயர், ஆவணி, ஆண். என் கையெழுத்து முத்துப் போல இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எழுதுகிற வரைக்கும் அவள் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் தும்மின பூசணிக்காய்க்காரியின் முறை. அப்புறம் அடுத்தவள். ஒவ்வொருத்தியும் "இது பூசணிக்கா இல்லீங்க" என்று சொல்லி, ஒருமுறை எச்சிலை முழுங்கி, "இது புள்ளைங்க" என்றாள். பொம்பளப் பிள்ளைகள்தான் ஜாஸ்தி. பிரசிடெண்டு கடைசி வரைக்கும் சாரலிலேயே நின்றார். குமாஸ்தா அவருக்குக் குடை பிடித்தார், சிரிக்கவில்லை.

அவர்கள் எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, பயமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பயம் மறுநாளிலிருந்து முழுசாகப் பிடித்துக்கொண்டது. எமன் ஏட்டை நம்பாத படித்தவள் நான்தான். ஆனால் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை இருமினால் எனக்குக் கை கால் ஓடாது. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தினமும் ஒரு வீட்டுக்கு நடந்தேன். மிளகுக்காட்டு வீட்டுக்கு இரண்டு வேளை. அவள் ஒருநாள், "என்னங்க அம்மிணி, எளுதச் சொன்ன நானே தூங்கறேன், நீங்க இப்படி அலையறீங்க" என்று சிரித்தாள். அவளும் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

தை மாதம் ஒரு சந்தை நாள். அவள் மிளகு விற்க இறங்கினாள், நானும் கூட இறங்கினேன். அவள் தலையில் மூட்டை, பிள்ளை என் இடுப்பில். காபிக் கடையில் பேப்பர் படிக்கிற நேரம். அண்ணன் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பல். மலை மருத்துவச்சி உத்தியோகத்தை எடுக்க வேண்டாம் என்று போர்டில் முடிவாகிவிட்டதாம். இன்னொன்றும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பிரசவத்துக்கு ஒரு அறை கட்டிக்கொள்ள உத்தரவாம். சுவரும் கூரையும் ஊர்க்காரர்கள் பொறுப்பு, போர்டு ஒரு கதவு கொடுக்கும்.

"மறுபடியும் கதவா!" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாயை நான் வந்து எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. அதை நான் அப்போதுதான் கண்டேன்.

அப்புறம் அவர் என் இடுப்பைப் பார்த்தார். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டிக்கொண்டே, "இது யாரு கண்ணு? நல்லா கொழுகொழுன்னு இருக்குது" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடினேன். "பூசணிக்காய்ண்ணா," என்றேன்.

அண்ணன் ஒன்றும் புரியாமல் விழித்தார். என் பின்னால் மிளகு மூட்டையோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. என் தோளிலிருந்து நழுவின தலைப்பை இழுத்து அதன் காலையும் சேர்த்து மூடிவிட்டு, "நீங்களே வெச்சிருங்க அம்மிணி, நான் போயி மிளகை வித்துப்போட்டு வாரேன்" என்று சந்தைக்குள் போனாள்.